வளைந்த மட்டக்கம்பு

"தெங்கோ சாஜா லா, காக்" என்றான், செராத்திங் கடற்கரையில் சர்ஃபிங் பலகை வாடகைக்கு விடுகிறவன். சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் அக்கா என்று மலாயில் அர்த்தம். மார்கழி மழையில், நாற்பத்தாறு வயதில், நனைந்த உடுப்போடு அவன் முன்னால் நின்று ஒரு பலகை கேட்டிருந்தேன். இந்த அலையில் இளசுகளே தடுமாறுகிறார்கள், உங்களைத் தாங்குகிற பெரிய பலகையும் என்னிடம் இல்லை என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறவர். எங்கள் மலை மேல் கம்போங் ராஜாவில் கோஸ் ஏற்றி குவாந்தான் சந்தையில் இறக்குவார். அன்று வேலை சீக்கிரம் முடிந்ததால் கடல் பார்க்க என்னைக் கூட்டிவந்திருந்தார். அவரும் தன் பங்குக்கு ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "இப்படி வந்து ஒக்காரு, கால் வலிக்கப் போவுது" என்றார்.

ஒக்காரு. அந்த வருஷம் முழுக்க இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இருபத்து நான்கு வருஷம் தேயிலை மலையில் நின்று கத்திரியால் கொழுந்து வெட்டியவள் நான். இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் மிஷின் வந்ததும் பெண்களையெல்லாம் பேக்டரியில் பொட்டலம் கட்டும் அறைக்கு மாற்றினார்கள். ஆளுக்கொரு முக்காலி. "இனிமே ஒக்காந்தே வேல பாருங்கக்கா, சொகம்தானே" என்றார் கங்காணி. சுகம்தான். ஆனால் ஆறு மாதத்தில், எங்கள் தோட்டத்து லைன் வீட்டுப் படியில் இறங்கும்போதே கை தன்னால் சுவரைத் தேட ஆரம்பித்தது. எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கடலில் ஒரு பெண் எட்டு முறை விழுந்து ஒன்பதாம் முறை எழுந்து நின்றாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கி. அந்த நிலையை எனக்குத் தெரியும். மலைச்சரிவில் நான் அப்படித்தான் நின்றேன். நானும் ஒரே ஒரு தடவை அலை மேல் அப்படி நின்றுவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நீச்சல் எனக்குப் பிரச்சினை இல்லை. பெர்த்தாம் ஆற்றில் துணி துவைக்கப் போன வயதிலேயே கற்றுக்கொண்டது.

"பலகை இல்லேன்னா நானே செஞ்சுக்கிறேன்" என்றேன், லோரியில் ஏறும்போது.

"செய்யி செய்யி. சப்பாத்தி பலகைதானே?" என்றார் கணவர்.

மறுவாரமே கோலா தெர்லாவில் ஒரு பூத்தோட்டத்துத் தவுக்கே, அதாவது முதலாளி, பழைய குளிர் அறையை உடைக்கிறார் என்று தெரிந்துகொண்டு போய் நின்றேன். சுவருக்குள் வைத்திருந்த வெள்ளை போம், தெர்மோகோல் மாதிரியானது, நான்கு விரற்கடைத் தடிமன், ஆள் உயரத்தைத் தாண்டிய நீளம். தூக்கிப் போகிற செலவு மிச்சம் என்று அவர் நான்கு துண்டுகளைக் கொடுத்துவிட்டார். கணவர் அவற்றை லோரியில் ஏற்றினார்.

மிஷின்கள் என் தம்பியுடையவை. அவன் வீடுகளுக்குச் சமையலறைக் கெபினெட் செய்து கொடுக்கிறவன். மின்சார இழைப்புளியை என் கையில் கொடுப்பதற்கு முன் என் பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்தான்.

"அக்கா, இது கத்திரி மாதிரி இல்ல. ரெண்டு கையும் மிஷின் மேலயே இருக்கணும். ஒரு கை கீழ போச்சுன்னா அவ்ளோதான்."

"தெரியும்லா."

"ஒயர எங்க போடுவே?"

ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக் காட்டினேன். கொழுந்துக் கூடையின் கயிறு கிடந்த தோள்தானே. மிஷினை என் கையில் வைத்தான்.

இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, முன்நுனியில், மூக்குப் பக்கம், லேசாக மேலே தூக்கினாற்போல் ரம்பத்தால் வடிவம் வெட்டினோம். போனில் பார்த்த படங்களில் அப்படித்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு, தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் போடும் மூக்குமூடியைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் இழைப்புளியைப் பிடித்தேன். முதல் இழுப்பிலேயே அது துள்ளி, போமில் முட்டை அளவு குழி பறித்தது. மிஷினை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பவும் ஆரம்பித்தேன். பத்தாவது இழுப்பில் அதன் குணம் பிடிபட்டது. மிஷினைத் தள்ளக் கூடாது. அது போகிற வேகத்துக்குக் கூடவே நடக்க வேண்டும்.

நான் நினைத்துப் பார்க்காதது காற்றை. இழைத்த போம் கடுகு கடுகாக உதிர்ந்து, வாய்க்காலைத் தாண்டிப் பறந்து தேயிலைச் செடிகளில் போய் உட்கார்ந்துவிட்டது. கங்காணி வந்து நின்றார்.

"கொழுந்து பூரா வெள்ளையா கெடக்கு. பேக்டரிக்குப் போச்சுன்னா தொரைக்கு யாரு பதில் சொல்றது? நானா?"

"நான் பொறுக்கிடறேன் கங்காணி."

"ஒரு பொட்டு இருக்கக் கூடாது. ஆமா, எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்? பேசாம ஒக்காந்து டிவி பாக்கலாம்லா."

மூன்று சாயங்காலம் வரிசை வரிசையாகப் பொறுக்கினேன். ஈர இலையில் ஒட்டிய மணி விரலுக்கு வரும், விரலை விட்டுப் போகாது. அதன் பிறகு பூத்தோட்டத்தில் வாங்கிய நைலான் வலையைக் கூடாரமாகத் தைத்து, அதற்குள்ளே இருந்துதான் இழைத்தேன். வெளியே வந்தால் மாவு மில்லில் இருந்து வந்தவளைப் போல் இருப்பேன்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடியின் தலை மட்டமாக இருக்க வேண்டும். ஒரு கிளை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் திட்டு விழும். அதற்காகவே செடி மேல் வைத்துப் பார்க்கும் நேரான குச்சி ஒன்று எங்களிடம் உண்டு, மட்டக்கம்பு என்போம். அந்தக் கம்புக்கு மேல் தெரிகிற எதையும் வெட்ட வேண்டும். இருபத்து நான்கு வருஷம் என் கண் அந்தக் கம்போடு வாழ்ந்திருக்கிறது. பலகையின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பழைய மட்டக்கம்பை எடுத்து வைத்துப் பார்த்தேன். இடித்தது. கொஞ்சம் இழைத்தேன். இன்னும் இடித்தது. இன்னும் கொஞ்சம். அடிப்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் அங்கே கம்புக்கும் போமுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. நடுவில் இருந்த மேட்டை இழைத்து அதையும் சரி செய்தேன். கடைசியில் மேலும் கீழும் கம்பு பதிந்து உட்கார்ந்தது.

தம்பியாவது தடுத்திருக்கலாம். அவனோ கதவு செய்கிறவன். ரசமட்டத்தை எடுத்துப் பலகை மேல் வைத்தான். குமிழி நடுவில் போய் நின்றது. "அக்கா, சூப்பர்லா. இதுல கெபினெட் கதவே போடலாம்" என்றான்.

"படத்துல மூக்கு வளைஞ்சுதானே இருக்கு?"

"அது பழசாகி வளைஞ்சிருக்கும்."

இரண்டு பேரும் அதை நம்பினோம். அக்காளுக்கேற்ற தம்பி.

மேலே கண்ணாடி நார்த்துணி போர்த்திப் பிசின் பூசினோம். தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற பிசினை நல்லவேளையாக ஒரு கழிவுத் துண்டில் முதலில் தடவிப் பார்த்தேன். வெந்நீரில் போட்ட சர்க்கரை போலப் போம் கரைந்து போனது. போமைத் தின்னாத வேறு பிசினை வரவழைத்தோம். ஒட்டுப்பலகையில் மீனுக்கு இருப்பது போல் ஒரு துடுப்பு வெட்டி, அடியில் பின்பக்கம் பொருத்தினான் தம்பி. கணுக்காலில் கட்டுகிற கயிறும் ஆயிற்று. பொங்கல் முடிந்த வாரம், கோஸ் கூடைகளின் மேல் படுத்துக்கொண்டு என் பலகை மலை இறங்கியது.

இடுப்பளவு தண்ணீரில், நுரைத்து வரும் அலைக்காகக் காத்திருந்து, பலகையில் குப்புறப் படுத்தேன். அலை தள்ளியது. மூக்கு நேரே தண்ணீருக்குள் செருகியது. என் தலைக்கு மேல் என் கால்கள் போயின. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, மணல் வாயில் புகுந்து, எழுந்து நின்று இருமினேன். அடுத்த அலையும் அப்படியே. பதினோரு முறை. எழுந்து நிற்பது இருக்கட்டும், முழங்காலை மடக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கணவர் கரையிலிருந்து கத்தினார். "போதும், வந்து ஒக்காரு."

வாடகைக் கடைக்காரன் மழையில் நனைந்துகொண்டு என்னிடம் வந்தான். பலகையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தான். அடிப்பக்கம் கையால் தடவினான். இதை நீங்களே செய்தீர்களா என்று மலாயில் கேட்டான். ஆமாம் என்றேன். வேலை ரொம்பச் சுத்தம், ஆனால் அக்கா, இது துணி தேய்க்கிற பலகை என்றான். உள்ளங்கையை விரித்து, விரல் நுனிகளை மட்டும் மேலே தூக்கிக் காட்டினான். மூக்கு ஏறி இருந்தால்தான் அலையில் செருகாது.

அந்த வளைவை என் கையாலேயே, ஞாயிறு ஞாயிறாக நின்று, இழைத்துத் தள்ளியிருந்தேன். லோரியில் திரும்பும்போது அழுதேன். கணவர் துண்டை மட்டும் நீட்டினார்.

"தேயிலையா, தப்பா வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கிறதுக்கு?" என்றான் தம்பி, விஷயத்தைக் கேட்டதும். அவன் முகமும் சுருங்கிப் போயிருந்தது. கவ்வாத்து வெட்டும்போது எத்தனை தவறு செய்தாலும் மூன்று மாதத்தில் செடி மூடிவிடும். போம் மூடாது. ஆனால் இன்னும் இரண்டு துண்டுகள் பாக்கி இருந்தன. மாசி முடிந்தால் கடல் அடங்கிவிடும். எனக்கு ஆறேழு ஞாயிறு இருந்தது.

முதல் ஞாயிறு மிஷினைத் தொடவே இல்லை. என் கண்ணை நம்பக் கூடாது என்று தெரிந்துவிட்டது. வளைவைப் பார்த்தால் என் கை வெட்டும். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற கை இல்லை அது. வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் வெட்டுகிற மட்டம் எங்கே நேராக இருக்கிறது? ஒரு செடிக்கு அது நேர். மொத்த வரிசைக்கும் அது மலையின் வளைவு. பாதையோரம் தட்டையாகத் தொடங்கி, எங்கே ஏறுகிறது என்று தெரியாமலே ஏறிவிடும். அந்த வளைவை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை.

தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்துப்போய், பாதை மலையாக மாறுகிற இடத்தில் தரையோடு தரையாக அழுத்திக் கிடத்தினேன். அங்கே ஏற்றம் மெதுவானது. குழாய் மண்ணோடு வளைந்தது. தம்பி அந்த வளைவை ஒட்டுப்பலகையில் கோடு போட்டு அறுத்துக் கொடுத்தான்.

"இந்தா, ஒன் புது மட்டக்கம்பு" என்றான்.

அதன் பிறகு சிக்கல் இருக்கவில்லை. வளைந்த கம்பை வைப்பேன்; இடிக்கிற இடத்தை இழைப்பேன்; இடைவெளி தெரிந்தால் நிறுத்துவேன். கை பழைய வேலையைத்தான் செய்தது, கம்புதான் வேறு. ஓரங்களைத் தேய்ப்பு மிஷினால் உருட்டினேன். பிசின் காய்ந்த பிறகு தம்பி பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை எடுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

மாசிக் கடைசியில் மறுபடியும் செராத்திங். அலை சின்னதாகிவிட்டிருந்தது. வாடகைக்காரன் பலகையைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினான். கணவர் வழக்கம்போலக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார். நான் அதைக் கடந்து தண்ணீருக்குள் போனேன்.

முதல் அலையில் மூக்கு செருகவில்லை. அதற்கே எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது. ஆனாலும் விழுந்தேன். முழங்காலில் எழுந்து விழுந்தேன், ஒரு காலை ஊன்றி விழுந்தேன், பக்கவாட்டில் விழுந்தேன். தோள் கடுத்தது. எத்தனை முறை என்று எண்ணுவதை நிறுத்தினேன். பிடித்துக்கொள்ள அங்கே சுவர் இல்லை. கை ஒவ்வொரு முறையும் அதைத் தேடியது. தேடிய ஒவ்வொரு முறையும் விழுந்தேன்.

பிறகு ஓர் அலை வந்தது. பெரிதில்லை. தள்ளியது. கையை ஊன்றி, இடது காலை முன்னே கொண்டுவந்து, எழுந்தேன். கை எதையும் தேடவில்லை. பலகை சரிந்தது, பாதம் தானாக இடம் மாறிப் பிடித்தது, மழைநாளில் சேற்றுச் சரிவில் பிடிக்குமே, அப்படி. நான் நின்றுகொண்டிருந்தேன். கரை என்னை நோக்கி வந்தது. கூடையிலிருந்து கணவர் எழுந்து நிற்பது தெரிந்தது.

அலை செத்து, துடுப்பு மணலில் உரசி, பலகை கணுக்கால் தண்ணீரில் தட்டி நின்றது. அவர் காற்சட்டை நனைய ஓடி வந்து கையை நீட்டினார்.

"நின்னுட்டல்ல? வா, எறங்கு. வந்து ஒக்காரு."

கடல் பின்வாங்கி, பலகையைச் சுற்றி வெறும் மணல்தான் இருந்தது.

"இருங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."