இலையிலிருந்து எழுப்பியவர்கள்

எங்கள் தெருவில் ஒருவரை எல்லோரும் நல்ல மனிதர் என்பார்கள். பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறார். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். அவர் கடையில் சேலை எடுப்பவர்களில் பாதிப் பேர் எதிரிலுள்ள என் தையல் கடைக்குத்தான் ஜாக்கெட் தைக்க வருவார்கள். வைகாசித் திருவிழா நாட்களிலெல்லாம் எங்கள் தெரு வியாபாரிகள் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவது வழக்கம். அதற்கு அவர்தான் தலைவர். நான் வருடாவருடம் கடையைப் பூட்டிவிட்டுப் பரிமாறப் போவேன்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து திருவிழா பழையபடி கூட்டத்தோடு நடந்த ஒரு வருடம். உச்சி வெயில். இரண்டாவது பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தோம். தெருவைக் கூட்டும் பெண்கள் மூன்று பேர் கை கால் கழுவிக்கொண்டு வந்து ஓரமாக இருந்த இலைகளில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவர்கள். விடிவதற்கு முன்னாலிருந்து எங்கள் பந்தல் வாசலில் எச்சில் இலை அள்ளியவர்கள் அவர்கள்தான். அவர்களில் மூத்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்ன சிலுவை. ஐயம்பேட்டைப் பக்கத்துக் காலனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். என் கடை வாசலைக் கூட்டும்போது பேசிப் பழக்கம்.

நான் சாம்பார் வாளியோடு அந்த வரிசைக்கு வந்தபோது நல்ல மனிதர் அவர்கள் எதிரில் குனிந்து நின்றிருந்தார்.

"கடைசிப் பந்தியில உக்காருங்கம்மா. மீந்தது எல்லாம் உங்களுக்குத்தான். வீட்டுக்கும் எடுத்துக்கினு போலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சின்னவள் உடனே எழுந்துவிட்டாள். மூத்தவள் இலையில் பரிமாறியிருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இலை போட்டாச்சுண்ணா. எழுப்பாதீங்க" என்றேன்.

என்னைத் தனியாக அழைத்துப் போனார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வந்தவங்க யாராவது முகம் சுளிச்சா இவங்களுக்குத்தானே சங்கடம்? அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அதுவுமில்லாம அவங்க சர்ச்சுக்குப் போறவங்க."

அது மூத்தவள் காதில் விழுந்துவிட்டது. எழுந்தாள். "தெருவைக் கூட்டறப்போ நான் எங்க போய் சாமி கும்புடறேன்னு நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மூன்று பேரும் வெயிலில் இறங்கிப் போனார்கள். அந்த இலைகளில் வேறு மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

நான் வாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. உட்கார்ந்த இலையிலிருந்து ஒரு ஆளை எழுப்புவதை அன்பாகச் செய்ய முடியும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லை, மத்தவங்கதான்" என்று அவர் சொன்னார். பந்தலில் பரிமாறிய அத்தனை பேரும் பிறகு என்னிடம் அதையே சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றால் முகம் சுளிக்கிற அந்த மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எல்லோருடைய நல்லதனமும், எங்குமே இல்லாத யாரோ ஒருவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மாட வீதிகளெல்லாம் சுத்தமாக இருந்தன. எங்கள் பந்தல் வாசலில் மட்டும் முந்தின நாள் இலைகள் குவிந்து கிடந்தன. மாடுகள் இழுத்துத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டன. ஈ மொய்த்தது. சாயங்காலம் சாமி அந்த வழியாக வர வேண்டும். மூத்தவளும் மற்ற இருவரும் என் கடைக்குப் பக்கத்தில் நடைபாதையில் துடைப்பத்தைப் படுக்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி பைக்கில் வந்தார். "இன்னா, எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கீங்க? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் மேஸ்திரி. வாரிடறோம். வாரிட்டு மொத பந்தியில உக்காருவோம். அத பந்தல்காரங்க வாயால சொல்லட்டும்" என்றாள் மூத்தவள்.

"சோத்துக்காகவா இவ்ளோ கலாட்டா?"

"சோறு எங்க வூட்லயும் இருக்குது."

நான் கடையைப் பாதி சாத்திவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உனுக்கு எதுக்குக்கா? வியாபாரம் கெட்டுடும்" என்றாள். "கெடட்டும்" என்றேன். சற்று நேரத்தில் பக்கத்துத் தெருக்களில் கூட்டிக்கொண்டிருந்த பெண்களும் ஆண்களும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனார்.

வெயில் ஏறியதும் நல்ல மனிதரே வந்தார். அப்போதும் சிரிப்புதான். "எதுக்கும்மா இதெல்லாம்? கேட்டிருந்தா நானே உக்கார வெச்சிருப்பேனே."

"உக்காந்தோம் சார். நீங்கதான் எழுப்புனீங்க" என்றாள் மூத்தவள்.

அவர் கடைசியில் சொன்னார், முதல் பந்தியில் உட்காரலாம் என்று. எல்லோரும் சேர்ந்து கண்மூடித் திறப்பதற்குள் தெருவைச் சுத்தம் செய்தார்கள்.

முதல் பந்தியில் அவர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தார்கள். நான் மூத்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கமும் எதிர்வரிசையிலும் இலைகள் வெறுமனே கிடந்தன. வந்தவர்கள் நின்று யோசித்தார்கள். சிலர் அடுத்த பந்திக்கு இருக்கிறோம் என்று நகர்ந்தார்கள். அப்போது மாகறல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மா காலியிடத்தைப் பார்த்ததும் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார். "இங்கியே உக்காருய்யா. நின்னு நின்னு கால் கடுக்குது" என்று கணவரையும் இழுத்தார். பிறகு கூட்டம் மளமளவென்று வந்து நிறைந்தது. முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் பசியோடு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்களைவிட எவ்வளவோ அதிகம். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்ற பொய்யை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் இவர்களை வெளியே நிறுத்தினோம் என்று இருந்தது எனக்கு.

பாயசம் வரும்போது நல்ல மனிதர் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். பின்னாலேயே போனோடு ஒருவர். மூத்தவள் இலையில் பாயசத்தை ஊற்றியபடி போனைப் பார்த்துச் சிரித்தார். வீடு திரும்புவதற்குள் அந்தப் படம் தெருவின் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. 'தூய்மைப் பணியாளர்களுக்கு முதல் மரியாதை. மனிதநேயம் வளர்ப்போம்.' கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

நான் அந்தக் குழுவில் எழுதினேன்: "நேற்று இவர்களை இலையிலிருந்து எழுப்பினோம். அதையும் போடுங்கள்." கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் காலை வணக்கம் போட்டார். அது சாயங்காலம்.

மறுமாதமே மூத்தவளைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டால், வழக்கமான மாற்றம்தான் என்றார்.

அடுத்த வருடக் கூட்டத்தில் நல்ல மனிதர் புதுத் திட்டம் சொன்னார். பந்தி வேண்டாம், எல்லோருக்கும் பார்சல். நெரிசல் இருக்காது, சுத்தமாகவும் இருக்கும். "எல்லாருக்கும் ஒரே பொட்டலம். வித்தியாசமே கிடையாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டியதில்லாத சமத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "பக்கத்துல உக்காரணும்னுதானே அவங்க கேட்டாங்க, பொட்டலம் கேக்கலியே" என்றேன். "நீ இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கியாம்மா" என்று பரிவோடு கேட்டார். இனி என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இன்றைக்கும் எதிரில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்தவனுக்குக் கொடுப்பது நல்ல குணம் என்றுதான் நானும் வளர்ந்தேன். இப்போது, கொடுக்கிறவன் உட்காருகிறானா என்று பார்க்கிறேன். வாங்குகிறவன் எப்போதும் குனிந்தே இருந்தால்தான் நிற்க முடியும் என்கிற நல்லதனம் எனக்கு வேண்டாம்.

அந்த வருடத் திருவிழா நாளில் வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மூத்தவள் கழிப்பறைச் சுவரோரம் கிடைத்த துளி நிழலில் இருந்தாள். கையில் எங்கள் தெருவின் பொட்டலம். மேஸ்திரி கொண்டுவந்து கொடுத்தாராம்.

"தூக்கிப் போட்டுடலாம்னு பாத்தேன்கா. பசி. பிரிச்சிட்டேன்."

"நல்லா இருக்குதா?"

"உப்பு கம்மி."

என் டப்பாவைத் திறந்து ஊறுகாயை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு நிழல் விட்டாள்.