நிற்பாட்டக் கூடாத கார்: தை மாதக் குளிரில் ஸ்காபரோவிலிருந்து மிராபெலுக்கு

இந்த வலைப்பதிவை வாசிக்கும் ஒருவர் போன கிழமை கேட்டிருந்தார்: "பழைய டீசல் கார் ஒன்று மலிவாக வருகிறது. குளிர்காலத்தில் மொன்றியல் போய்வர ஏலுமா?" ஏலும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை எழும்பி உட்காரவைத்துவிட்டது. ஏனென்றால் நான் அப்படி ஒருமுறை போயிருக்கிறேன்.

1994 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. என் மனைவி யசோவும் மகன் நிமலும் பின்னேரம் இரண்டரை மணிக்கு மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்க இருந்தார்கள். ரொறன்ரோவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மொன்றியலுக்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் நகரத்துக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவில் இருந்த அந்த இடத்தில்தான் இறங்கும். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது யசோவுக்கு ஐந்து மாதம். மகனை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நான்கு வயது கடந்துவிட்டது. கடைசிக் கடிதத்தில் யசோவுக்கு எழுதியிருந்தேன்: "ஒன்றுக்கும் பயப்படாதே. கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்."

என்னிடம் இருந்தது பதினொரு வயதான ஜெர்மன் டீசல் கார். ஆயிரத்து அறுநூறு டொலர். டீசல் அப்போது பெற்றோலைவிட மலிவு, அதோடு ஒருமுறை அடித்தால் கிழமைக்கணக்கில் ஓடும். நான் கணக்குப் பார்த்து வாங்கிய கெட்டிக்காரன். ஆனால் குளிரில் அதைக் கிளப்புவது பெரிய சீவன் போகிற வேலை. காரின் முகப்பில் ஒரு வயர் தொங்கும். இரவு முழுக்க அதை வீட்டுச் சுவரில் செருகி வைத்தால் எஞ்சின் சூடாக இருக்கும். பிளாக் ஹீட்டர் என்பார்கள். செருகாமல் விட்டால் காலையில் அது கார் இல்லை, இரும்புக்கட்டி.

நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ரின் வீட்டுக்காரி பூமணி அன்ரி. நல்ல மனுசி, ஆனால் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் பல்லும் தீட்டமாட்டா. வியாழக்கிழமை மேலே கூப்பிட்டா.

"தம்பி, சனிக்கிழமை கிழக்கை சூலம். மொன்றியல் கிழக்கை எல்லோ கிடக்குது. அண்டைக்கு வெளிக்கிடக் கூடாது."

"அன்ரி, பிளேன் சனிக்கிழமைதானே வருது. நான் என்ன செய்யிறது?"

"அதுக்கு வழி இருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல நேரத்திலை காரை எடுத்துக்கொண்டு போய் வேறை ஆற்றையும் வீட்டிலை விடு. பயணம் வெள்ளியே தொடங்கின மாதிரி. மற்ற நாள் அங்கையிருந்து போ."

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நான்கு வருடம் காத்திருந்துவிட்டு, வழியில் ஏதும் நடந்தால் பிறகு ஆயுளுக்கும் சூலத்தைத்தானே நினைத்துக்கொண்டிருப்பேன்? வெள்ளி பின்னேரம் அன்ரி தேங்காய் உடைக்க, மோர்னிங்சைட்டில் இருந்த நண்பன் நேசனின் அப்பாட்மென்ருக்குக் காரைக் கொண்டுபோனேன். நேசனும் என்னோடு வருவதாக இருந்தது. அவன் ஆறு வருடம் மொன்றியலில் இருந்தவன், பிரெஞ்சு கதைப்பான். இரவு அவன் வீட்டிலேயே படுத்தேன்.

அவன் இருந்தது ஏழாம் மாடி. காரோ கீழே திறந்த வெளியில். செருக ஒரு பிளக்கும் இல்லை. சூலத்துக்குப் பயந்த நான் குளிரை யோசிக்கவில்லை. இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் என்பது.

காலை ஆறு மணி, சைபருக்குக் கீழே இருபத்தொன்பது. எஞ்சினைக் கிளப்பத் திறப்பைத் திருப்பினேன். கிழவர் இருமுவதுபோல் இரண்டு தரம் முனகிவிட்டு ஓய்ந்துவிட்டது. விடியற்காலையில் யாரிடம் போய்க் கார் இரவல் கேட்பது? நேசன் ஓடிப்போய்க் கீழ்மாடியில் ஒரு கதவைத் தட்டினான். திறந்தவர் ஒரு கயானாக்கார அம்மா. தூக்கம் கலைந்த கோபம் முகத்தில் இருந்தாலும் விசயத்தைக் கேட்டதும் தன் குசினி யன்னலைத் திறந்து, அதற்குள்ளால் வயரை இழுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று நீட்டு வயர்களை ஒன்றோடொன்று பொருத்தித்தான் கார்வரை எட்டியது. அந்தக் குளிருக்கு அவர் யன்னலை இரண்டரை மணி நேரம் திறந்து வைத்திருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். மிராபெல் கிட்டத்தட்ட ஐந்நூற்று எழுபது கிலோமீற்றர், நல்ல வீதியென்றால் ஆறரை மணி நேரம். மூன்றரைக்குப் போனாலும், குடிவரவு அலுவல்கள் முடிந்து அவர்கள் வெளியே வர அவ்வளவு நேரம் செல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸ் கடந்தது, ஒஷாவா கடந்தது. கார் நன்றாகத்தான் ஓடியது. நேசன் பாணும் சம்பலும் நீட்டினான். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வேண்டாமென்றேன்.

பெல்வில்லுக்குக் கிட்ட கார் இழுக்க மறுத்தது. நூறில் போனது எண்பது, அறுபது, நாற்பது. காலால் எவ்வளவு அழுத்தினாலும் மூச்சில்லை. தெருவோரத்தில் போய் நின்றுவிட்டது.

"என்ன மச்சான், டீசல் முடிஞ்சுதோ?"

"முக்கால் தாங்கி கிடக்கடா!"

அதுதான் பிழை. ஐப்பசியில் மலிவாகக் கிடைத்ததென்று நிரப்பிய டீசல் அது, வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்ததால் அவ்வளவாகக் குறையவில்லை. டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. குளிர்காலத்தில் விற்பது வேறு கலவை, சூடான மாதங்களில் விற்பது வேறு. பழையது கடுங்குளிரில் உறைந்து, எஞ்சினுக்குப் போகும் டீசலை வடிகட்டும் வடியை அடைத்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. தாங்கி நிறையக் கிடக்க எதற்குப் புதிதாக அடிப்பது என்ற கஞ்சத்தனம்.

இழுவை வண்டி வர முக்கால் மணி நேரம். அறுபத்தைந்து டொலர் வாங்கிக்கொண்டு, லொறிகள் நிற்கும் ஒரு காஸ் ஸ்டேசனில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சூடான கராஜுக்குள் கார் இளகும்வரை காத்திருந்து, டிக்கிக்குள் வைத்திருந்த புது வடியை மாட்டினேன். கழற்றிய வடிக்குள் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி வெள்ளை வெள்ளையாய் இருந்தது. தாங்கியில் மிச்ச இடத்துக்குக் குளிர்கால டீசலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றினோம். போர்க்கால எரிபொருள் தடையில் பெற்றோலைக் கண்ணால் காணாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஆட்கள் நாங்கள், அதற்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பக்கத்தில் நின்ற லொறிக்காரர் ஒன்றுமட்டும் சொன்னார்: போய்ச் சேரும்வரை எஞ்சினை நிற்பாட்டாதே, நிற்பாட்டினாயோ வெளியில் இந்தக் குளிரில் திரும்பக் கிளம்பாது. அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

மணி ஒன்றரை ஆகிவிட்டது. இனி இடையில் எங்கும் மூச்சுவிட நேரமில்லை. கோர்ன்வோல் தாண்டி ஓரிடத்தில் மட்டும், நான் ஓடும் எஞ்சினோடு காருக்குள் இருக்க, நேசன் இறங்கிப்போய்த் தெரு ரெலிபோனில் பூமணி அன்ரியை அழைத்தான். யசோவிடம் இருந்த ஒரே இலக்கம் அன்ரியின் வீட்டு இலக்கம். திரும்பி வந்தவனின் முகத்தில் இரத்தமில்லை.

"என்னடா? பிளேன் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. யசோ அக்கா ஆரையோ பிடிச்சு அன்ரிக்குப் போன் பண்ணியிருக்கிறா."

"அழுதவளோ?"

"அது இல்லை மச்சான். அவர் எப்ப வெளிக்கிட்டவர் எண்டு கேட்டிருக்கிறா. உந்த அன்ரி சொல்லியிருக்கு, அவர் நேற்றே வெளிக்கிட்டிட்டார் எண்டு."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"விசர் மனுசி! இண்டைக்கு எண்டு சொன்னால் என்னவாம்?"

"நானும் கேட்டனான். சூலத்திலை வெளிக்கிட்டவர் எண்டு தன்ரை வாயாலை சொல்லக் கூடாதாம்."

யோசித்துப் பாருங்கள். முதல்நாள் புறப்பட்ட மனுசன் அடுத்தநாள் பின்னேரமும் வந்து சேரவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவள் வாழ்நாளில் காணாத பனி. அவள் என்ன நினைப்பாள்? அவள் ஏற்கெனவே இரண்டு அண்ணன்மாரைப் பறிகொடுத்தவள். போனவர்கள் வராமல் விட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்ரிக்குத் திரும்பச் சொல்லியும் பிரயோசனமில்லை, யசோவை எடுத்துக் கதைக்க எங்களிடம் இலக்கம் கிடையாது. இருட்டிக்கொண்டு வந்தது. கையுறைக்குள் விரல்கள் விறைத்துப்போய் ஸ்ரியரிங்கைப் பிடித்திருப்பதே தெரியவில்லை.

கேள்வி கேட்டவருக்கான ஆலோசனைகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். இதற்குப் பிறகு நடந்ததை எழுதிவிட்டு எனக்கு எழுத வராது. பிளக் இல்லாத இடத்தில் பழைய டீசலை இரவு விடவேண்டாம், யார் என்ன நாள் சொன்னாலும். குளிர் தொடங்குமுன் தாங்கியில் இருக்கும் பழையதை ஓடி முடித்துவிட்டுக் குளிர்கால டீசல் அடியுங்கள். மேலதிகமாக ஒரு வடி, அதைக் கழற்றும் சாவி, உறையாமல் தடுக்கும் மருந்து ஒரு போத்தல், இவை டிக்கியில் இருக்கட்டும். பற்றரி கிழடென்றால் மாற்றுங்கள். டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது சூடாகாது, குளிர்ந்துகொண்டே போகும். ஆகவே நின்றால் காலால் கொஞ்சம் கொடுத்தபடி இருக்கவேண்டும். ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மட்டை செருகினால் நல்லது. கம்பளியும் சாப்பாடும் கட்டாயம்.

மிராபெலுக்கு வந்தபோது ஆறு மணியாகப் பத்து நிமிடம். வாசலுக்கு முன்னால் நிறுத்தினேன். எஞ்சினை நிற்பாட்டப் பயம். நேசனுக்கு கியர் கார் ஓட்டத் தெரியாது, அதைவிட அவனுக்குத்தான் பிரெஞ்சு தெரியும்.

"நீ ஓடு. அவையின்ரை படத்தைக் கொண்டு ஓடு. நான் இதிலை நிக்கிறன்."

அவன் ஓடினான். ஒரு பொலிஸ்காரர் வந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் போ போ என்று கையைக் காட்டினார். ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தேன். அப்போது கதவு திறந்தது.

முதலில் நேசன். அவன் தோளில் ஒரு பொடியன், கழுத்தை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி. பின்னால், எவரோ கொடுத்த ஆம்பிளைக் கோட்டைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு யசோ. அவள் நேசனை முன்னே பின்னே அறியாதவள். கையில் படத்தோடு தனியே வந்த ஒரு ஆளைக் கண்டதும் தனக்குச் சாவுச் செய்திதான் வந்திருக்கிறது என்று நினைத்தாளாம். "அவர் காரிலை இருக்கிறார் அக்கா" என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியும் நம்பவில்லையாம். பொடியனோ, வாசலில் வந்து நிற்பவர்தான் அப்பா என்று தாய் சொல்லிக்கொண்டு வந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, வந்தவன்மேல் ஏறிவிட்டான்.

நான் எட்டிக் கார்க் கதவைத் திறந்தேன். நிமல் என்னைப் பார்த்துவிட்டு நேசனிடம் கேட்டான்:

"அப்பா, உது ஆர்?"

நேசனுக்கு அழுகை வந்துவிட்டது. என் கால் மட்டும் தன்பாட்டில் எஞ்சினுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

யசோ குனிந்து காருக்குள் பார்த்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு இதுதான்:

"உதை நிப்பாட்டிப்போட்டு இறங்குங்கோ. உங்களை முழுசாப் பாக்கோணும்."

"யசோ, நிப்பாட்டினால் பிறகு கிளம்பாது."

"கிளம்பாட்டிப் போகட்டும். இறங்குங்கோ."

திறப்பைத் திருப்பினேன். நாள் முழுக்கக் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. இறங்கி நின்றேன். அவள் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கைகளைத் தடவிப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பொலிஸ்காரர் திரும்ப வந்தார். நேசன் பொடியனை இறக்கிவிட்டு அவரோடு பிரெஞ்சில் மல்லுக்கட்டப் போனான்.

யசோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உள்ளுக்குப் போய் வாசலடியிலை நில்லுங்கோ."

நான் போய் நின்றேன். ஆட்கள் தடுப்புக் கம்பிக்கு அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. யசோ மகனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே தூரமாய்ப் போய், திரும்பி, அப்போதுதான் வந்து இறங்கினவள் மாதிரி நடந்து வந்தாள்.

"அங்கை பார், அப்பா நிக்கிறார்."

அவன் ஓடிவரவில்லை. நாலடி தள்ளி நின்று என்னைப் பார்த்தான்.

"நீங்கள் ஏன் அப்ப வரேல்லை?"

"காரை நிப்பாட்டப் பயமா இருந்ததடா."

"இப்ப நிப்பாட்டியாச்சோ?"

"ஓம்."

ஓரடி கிட்ட வந்தான்.

"அப்ப இனி எங்கையும் போகமாட்டீங்களோ?"

"போகமாட்டனடா" என்றேன். கையைத் தந்தான். நான் சொன்னதும் உண்மைதான். அந்தக் கார் செவ்வாய்க்கிழமை வரை கிளம்பவே இல்லை.