லூசியானாவிலிருந்து வந்த அக்கோர்டியன்

இது நடந்தது. நம்பாதவர்கள் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் றோசம்மாவைக் கேட்கலாம். அன்று கணவர் ஜேசுரட்ணம் வீட்டுக்கு வந்த கோலத்தைக் கண்டவர் அவர்.

1987 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணத்தில் தேவாலய ஆர்மோனியங்கள் திருத்திய ஜேசுரட்ணம், இங்கே லோமான் என்ற கிழவரின் பட்டறையில் பழைய அக்கோர்டியன்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அன்று மேசையில் இருந்தது பத்துப் பொத்தான் பெட்டி. அறுபது வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் செய்து அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனது. அங்கே கேஜன் எனப்படும் பிரெஞ்சு வழி மக்கள் ஆட்டத்துக்கு வாசிப்பார்கள். பிராங்பேர்ட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் கொண்டுவந்திருந்தான். தகப்பனுடையதாம். சுருதியை ஒரு கட்டை குறைக்க வேண்டுமாம்.

பிற்பகல் 3.50. லோமான் வெளியே போயிருந்தார். ஜேசுரட்ணம் துருத்தியைத் தனியே கழற்றி வைத்தார். பிறகு முதல் வரிசையின் மெழுகைச் சுரண்டி, ஒலி எழுப்பும் நாக்குத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

நாலாவதை எடுத்தபோது... ஹ்ஹ்ஹ்...

மேசையில் கிடந்த துருத்தி தானாக விரிந்தது. சுருங்கியது.

யன்னல் பூட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பழைய தோலின் சூடல்ல அது, உயிருள்ள உடம்பின் சூடு. பயத்தை அடக்கி அடுத்த தகட்டை எடுத்தார். துருத்தியின் மூச்சு குறுகியது. இன்னொன்று. இன்னும் குறுகியது...

4.10. பத்தாவது தகடு.

துருத்தி நின்றது.

ஒருவரைக் கொன்றுவிட்டது போல இருந்தது அவருக்கு. மெழுகை உருக்கினார். விரல் சுட்டது. தகடுகளை இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

ஐந்து... ஒன்றுமில்லை.

எட்டு... ஒன்றுமில்லை.

4.28. பத்து.

ஹ்ஹ்ஹ்...

வீட்டில் றோசம்மா கேட்டார்.

“இஞ்சருங்கோ, விரலில என்ன கொப்புளம்?”

“அந்தப் பெட்டியைத் திரும்பக் கழட்டச் சொன்னா, நான் வேலையை விட்டுடுவன். என்னால ஏலாது.”

சனிக்கிழமை சிப்பாய் வந்தான். லூசியானாவில் உள்ள வீட்டிலிருந்து தொலைபேசி வந்ததாம். அங்கே செவ்வாய் காலை 9.10க்கு, ஆஸ்பத்திரியில் தகப்பனின் மூச்சு நின்றுபோனது. அப்போது டோர்ட்மண்டில் மாலை 4.10. முகத்தையும் மூடிவிட்டார்கள். பதினெட்டு நிமிடம் கழித்து, போர்வை அசைந்தது.

பெட்டியை எடுத்து வந்தது தகப்பனுக்குத் தெரியாது என்றான் சிப்பாய். வீட்டு அலுமாரியில் இருப்பதாகவே நினைத்திருந்தாராம்.

கண் திறந்த கிழவர் தண்ணீர் கேட்கவில்லை. மகனைக் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாராம்.

“அந்த மனுசன் எல்லாத்தையும் திருப்பிப் பூட்டிப்போட்டானோ?”