திர்ஹம் இருபத்துநாலைத் தொட்டபோது

ரூபாய் மதிப்பு விழ வேண்டும் என்று கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டவள் சங்கரன்கோவிலிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்காக இல்லை. அடுத்த வீட்டு பஸீலாவுக்காக.

பஸீலா கடையநல்லூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். மாப்பிள்ளை முகம்மது ஆரிப் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறார். மகள் ரிஸானா மூன்றாம் வகுப்பு. வாப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற முகம்தான். அவர் ஊருக்கு வந்துவிட வேண்டும், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜூஸ் கடை போட வேண்டும், திரும்பிப் போகவே கூடாது. பஸீலாவுக்கு இதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

"திர்ஹம் இருபத்துநாலு ரூவாயத் தொட்டுட்டா, சேத்து வச்சத மொத்தமா மாத்திட்டு வந்துருதேன்னு சொல்லுதாக அக்கா" என்றாள். திர்ஹம் என்றால் ஷார்ஜா பணம். அப்போது ஒரு திர்ஹத்துக்கு ரேட் இருபத்திரண்டு ரூபாய்ச் சில்லறையில் நின்றது.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் இது வழக்கம்தான். ரேட் ஏறட்டும் என்று பணத்தை அங்கேயே பிடித்து வைப்பார்கள். பஸீலா பல் விளக்குமுன் செல்லில் ரேட் பார்ப்பாள். ஏறியிருந்தால் எனக்கு டீ வரும். இறங்கியிருந்தால் அன்றைக்கு அவளிடம் மனுஷன் பேச முடியாது.

பணம் வராத மாதங்களில் சோறு பொங்க வேண்டாமா? கை வளையலை பாங்கில் அடகு வைத்தாள். "ஏட்டி, வட்டி யாரு கெட்டுவா?" என்று சத்தம் போட்டேன். "ரேட் ஏறுனா எல்லாம் சரியாயிரும்க்கா" என்றாள்.

ரேட்டும் ஏறத்தான் செய்தது. கூடவே பாமாயிலும் ஏறியது. சாயங்காலம் வடை போட்டு விற்கிறவள் நான். எண்ணெய்க் கடை மருதப்பன் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனால், "டாலர் ஏறிட்டுல்லா முத்துமாரி, எண்ணெய் கப்பல்ல வருது, நான் என்ன செய்ய?" என்கிறார். நான் அம்மனிடம் வேண்டியது என் இருப்புச்சட்டியிலேயே வந்து விழுந்திருக்கிறது! பஸீலா பார்த்து வைத்திருந்த ஜூஸ் மெஷினும் பிரீசரும் விலை கூடிவிட்டன. கடையை வாடகைக்குத் தருவதாகச் சொன்னவரும் அட்வான்ஸை ஏற்றிவிட்டார்.

வட்டி கட்டப் போன இடத்தில் பாங்கில் வேலை பார்க்கிற கோகுலைப் பிடித்துக்கொண்டோம். "இது என்ன கூத்து தம்பி?"

"இங்கன விலைவாசி வேகமா ஏறுனா ரூவாய்க்கு வலு குறையும்க்கா. வலு குறைஞ்சா வெளிநாட்டுச் சாமான் இன்னும் விலை ஏறும். அமெரிக்காவுல வட்டி கூடுனா பணம் அங்கன ஓடும், ரூவா இன்னும் விழும். டாலரோட கெட்டிப் போட்ட திர்ஹமும் கூடவே ஏறும். இங்கன வட்டியக் கூட்டுனா ரூவா கொஞ்சம் நிக்கலாம். ஆனா கடன் வாங்குனவன் பாடு திண்டாட்டம்."

"அப்ப எதுல இருந்து எது வருது?"

"எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுக்கா. எதையும் இதுதான்னு சொல்ல முடியாது."

"ரேட்டுல எங்களுக்கு லாபமா நட்டமா? அதச் சொல்லுங்க" என்றாள் பஸீலா. அவன் வளையல் ரசீதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "லாபம் மாதிரிதான் தெரியும். வட்டியும் விலைவாசியும் தின்னுட்டா மிச்சம் என்னன்னு…" என்று இழுத்தான். சம்பளம் வாங்குகிறவனே இழுத்தால் நாங்கள் எங்கே போக?

கடைசியில் ஒருநாள் இருபத்துநாலைத் தொட்டது. பஸீலா சேமியா பாயசம் வைத்தாள். நான் ஓடிப்போய் மாவிளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஆரிப் போன் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சான், எப்ப டிக்கெட் போடுதீக?"

"கிறுக்கியா நீ? ஒவ்வொரு மாசச் சம்பளமும் இப்பத்தான் கூட வருது. இந்த நேரத்துல எவனாவது வேலைய விடுவானா? கடைக்கும் இந்தக் காசு பத்தாதுன்னு நீதான சொன்ன. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாமா என்று இருந்தது. பஸீலா கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ரேட் கொறச்சலா இருந்தப்ப காசு பத்தாதுன்னு வரல. இப்ப கூட இருக்கு, விட்டுட்டு வர மனசு இல்லங்கீக. நீங்க வாரதுக்கு ரூவா எங்கன நிக்கணும் மச்சான்? அதச் சொல்லுங்க, நான் அதுக்கு துஆ கேக்கேன்."

"பிள்ளைகிட்டக் குடு" என்றார் ஆரிப்.