இஸ்திரி அக்காவின் சிறுநீரகம்

"கூட யாரு வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றாள் இஸ்திரி அக்கா. நர்ஸுக்குச் சிரிக்க நேரமில்லை.

கணவன் ஒருவன் இருந்தான், போய்விட்டான். செத்துப்போகவில்லை, போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. வாடகைக்கு ஓர் ஒற்றை அறை. கதவைச் சாத்தினால் பேச்சுத் துணைக்கு மின்விசிறி. தையல் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளுக்கு நீராவிப் பெட்டி போடுவது அவள் வேலை. உள்ளே எல்லாருக்கும் அவள் அக்கா. கேட்டைத் தாண்டினால் யாருக்கும் ஒன்றுமில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வரிசைப் பெண்களுக்கு ஒரே ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டினால்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஒருத்தி போய்த் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால், "என்னக்கா, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?" என்று சூப்பர்வைசர் ஊரறியக் கேட்பாள். மானத்துக்கு அஞ்சிய பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இடுப்பு வலித்தால் முதலுதவிப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை கிடைக்கும். அதில் மட்டும் முதலாளிக்குக் கர்ணன் கை.

வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில், நீராவி மேசைக்கு முன்னால் நின்றபடியே இஸ்திரி அக்கா சரிந்தாள். சிறுநீர் அடியோடு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் செருகி, இரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிக் கழுவினார்கள். கீழே இன்னொரு குழாய். அதன் முனையில், கட்டிலோரம் ஒரு காலிப் பை.

வீட்டுக்காரம்மா போனில் அழைத்து, "எல்லாம் தலையெழுத்தும்மா" என்று உச்சுக் கொட்டினாள். தலையெழுத்தாம்! மூத்திரத்துக்கு அட்டை போட்டவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் செய்ததையெல்லாம் தலையில் ஏற்றிவிட்டால் அவனுக்கு எவ்வளவு வசதி!

அக்காவுக்குத் தலையெழுத்தில் நம்பிக்கை இல்லை. டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள என்னதான் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

டாக்டரம்மா சின்னப் பெண். கட்டிலில் உட்கார்ந்தே விட்டாள்.

"சிறுநீரகத்துல பொடிப்பொடியா குழாய்ங்க இருக்குக்கா. சுவர் முழுக்க செல்லுங்க. ஒவ்வொரு செல்லோட மேல்தோல்லயும் ஏற்பின்னு சிலது நீட்டிட்டு இருக்கும், வெளிய நடக்கறதைத் தொட்டுப் பாக்கற கை மாதிரி. கிருமி வந்தா ஒரு ஏற்பி பிடிச்சுப் பாத்துட்டுக் கூச்சல் போடும். உங்களுக்குக் கிருமி வரல. தண்ணியில்லாம, மாத்திரையால, செல்லுங்க செத்துது. செத்ததோட சிதறலும் அதே ஏற்பியில போய் ஒட்டிக்குச்சு. எதிரி வந்துட்டான்னு ஒரே கூச்சல். ரத்தத்துலேர்ந்து காவல் படை ஓடி வந்து, உயிரோட இருந்ததையும் சேத்து அடிச்சுடுச்சு."

"அடிபட்டவ மேலயே தடியடியா?"

"அதேதான்!"

"இப்போ யாரு அதைச் சரிபண்றது?"

"மிச்சமிருக்கற செல்லுங்கதான். நல்லா இருக்கறப்போ கண்ணுலயே படாத இன்னொரு ஏற்பி, அடிபட்டதும் மேல வரும். அதை வெச்சு, பக்கத்துல செத்துக் கிடக்கறதைப் பிடிச்சு முழுங்கி வழியைச் சுத்தம் பண்ணும். அப்புறம் புதுசு வளரணும். நடந்துட்டா மூத்திரம் வரும்."

"நடக்கலைன்னா?"

டாக்டரம்மா இயந்திரம் இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். "வாழ்நாள் முழுக்க அதுதான்க்கா."

வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் கழுவ வந்து படுக்கிறவளுக்கு எந்தக் கம்பெனி வேலை தரும்? வேலை இல்லாதவளுக்கு எவர் அறை தருவார்? அக்கா பையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பக்கத்துக் கட்டிலைச் சுற்றி எப்போதும் கூட்டம். அத்தை தலை வாரிவிடுவாள், மருமகள் காலைப் பிடித்துவிடுவாள், மைத்துனன் மொக்கை ஜோக் அடிப்பான். ஜோக்குக்கு அக்காவும் சிரித்துவிட்டு, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்வாள். அப்போதெல்லாம் உள்ளே இருக்கும் அந்தச் செல்லை நினைத்துக்கொள்வாள். அக்கம்பக்கமெல்லாம் செத்துக் கிடக்க, ஒற்றையாய் நின்று அள்ளிக்கொண்டிருக்கிறதே. பாவம், அதற்கும் கூட யாரும் வரவில்லை.

ஒரு காலையில் கண் விழித்தபோது குழாயில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பையின் அடியில் இரண்டு மடக்கு தேறும்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்! பக்கத்துக் கட்டில்காரர்கள் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். நர்ஸ் வந்து குனிந்து பார்த்து, "ம், வருது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அக்கா போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் சூப்பர்வைசரை அழைத்தாள்.

"மேடம், மூத்திரம் வந்துடுச்சு மேடம்!"

"அய்யே, என்னக்கா இது! இதையெல்லாமா போன் போட்டுச் சொல்லுவாங்க?"

"வேற யார்கிட்ட சொல்றது? நான் போனேனா வந்தேனான்னு இத்தனை வருஷம் கவலைப்பட்ட ஒரே ஆளு நீங்கதானே."

சிரிப்பையோ திட்டையோ எதிர்பார்த்தாள். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே சூப்பர்வைசரின் குரல், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது.

"அக்கா, எனக்கும் நேத்துலேர்ந்து சரியாப் போகல. மாத்திரை போட்டுட்டுதான் நிக்கறேன். நான் இடத்தை விட்டுப் போனா மேனேஜர் என்னைக் கேப்பாரே."

அக்கா தலையணையில் கையூன்றி நிமிர்ந்தாள். "மாத்திரையைத் தூக்கி எறி. உடனே கிளம்பி இங்க வா."

"லைன் நின்னுடுமேக்கா."

"நிக்கட்டும்டி."

"கூட வர யாருமில்லக்கா."

"கூட யாருன்னு கேட்டா என் கட்டிலைக் காட்டு. நான் இங்கதான் இருக்கேன்."