மூச்சு கேட்டேன், ஓட்டமும் கொடுத்தார்

1998-ம் வருஷம் மழைக்காலத்தில் எனக்கு இருமல் ஆரம்பித்தது. அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். தோல் தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலக் காய்ச்சல் வந்தது, உடம்பு இளைத்தது. வேலூரில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து டிபி என்று சொன்னார்கள்.

ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். ஆறு மாதம் கழித்து, கிருமி போய்விட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் எனக்குப் பயம் இருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவேன். அடுத்த மூச்சு வருமோ வராதோ என்று கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். கம்பெனியில் என்னோடு சாப்பிட்ட பெண்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். நானும் வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

என் மகள் ரூபிக்கு ஐந்து வயது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "எங்கம்மா எங்கயும் வராது. எங்கம்மா படுத்துனே இருக்கும்."

சமையல்கட்டிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, பெரிசா ஒண்ணும் கேக்கல. பயமில்லாம மூச்சு வுடணும். அது போதும்." அழுதேன்.

அடுத்த வாரம் செல்வி வீட்டுக்கு வந்தாள். எங்கள் சபைப் பெண், என்னைவிடச் சின்னவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். காலேஜில் நெடுந்தூர ஓட்டம் ஓடியவள். மறுபடியும் பயிற்சி எடுக்க ஆசைப்பட்டாள். விடியற்காலையில் பேரணாம்பட்டு ரோட்டில் தனியாக ஓட அவள் அம்மா விடவில்லை.

"அக்கா, நீங்க சைக்கிள்ல கூட வந்தா அம்மா ஒத்துக்குவாங்க."

"மாடி ஏறவே முடியல செல்வி. என்னைப் போய் கூப்புடுறியே."

"மெதுவா மிதிங்க. நானே மெதுவாத்தான் ஓடுவேன்."

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "போய்தான் பாரேன். முடியலன்னா திரும்பி வந்துடு. யாரு இன்னா கேக்கப் போறாங்க?" என்றார்.

முதல் நாள் பாலாற்றுப் பாலம் வரைகூடப் போக முடியவில்லை. செல்வியும் என்னோடு திரும்பினாள். இரண்டு மாதத்தில் பாலம் தாண்டிப் போய்வந்தேன். ஒருநாள் சைக்கிள் பஞ்சர் ஆகிவிட்டது. அதை ஒரு டீக்கடையில் விட்டோம். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா. பேச முடியுற வேகத்துல ஓடுவோம். பேச முடியலன்னா நடப்போம். அவ்ளோதான் கணக்கு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வெளிநாட்டுக்குப் போகிற ஷூவை வருஷக்கணக்காகத் தைத்தவள் நான்; என் காலுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ கிடையாது. ஒரு கரண்ட் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை. வீட்டுக்கு வந்து குப்புற விழுந்தேன். ஆனால் மறுநாள் செல்வி வருவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்காரர் பஜாரிலிருந்து ஷூ வாங்கி வந்தார். சுடிதார் போட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்று தெருவில் பேச்சு வந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கம்பங்கள் கிலோமீட்டர்களாயின. ஒரு நாள் விடிகிற நேரம். பாலத்தின் மேல் ஓடிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கலாம் என்று செல்வியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள், சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது: புறப்பட்டதிலிருந்து மூச்சைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நெஞ்சு நிறையக் காற்று. கால்கள் தானாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2001-ல் ஒரு காலை, ஓடி முடித்து இருமினேன். கைக்குட்டையில் ரத்தம்.

செல்வியின் முகம் வெளுத்துப்போனது. "நான்தான்க்கா உங்களை இழுத்துனு வந்தேன்" என்று அழுதாள். வேலூருக்குப் போய்ப் படம் எடுத்தோம், சளி கொடுத்தோம். முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இப்படித்தான் ஜெபித்தேன்: "ஆண்டவரே, ஓட்டத்தை எடுத்துக்கிட்டாலும் சரி. அந்தப் பயத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க." அப்புறம் மனசு அடங்கிவிட்டது. முடிவு என்னவென்று தெரியாது. ஆனாலும் அடங்கிவிட்டது.

டாக்டர் கூப்பிட்டார். "கிருமி இல்லம்மா. பழைய டிபி தழும்புல சளி புடிச்சிருக்கு. மருந்துல சரியாயிடும். ஓடுறதா எழுதியிருக்கே, எவ்ளோ தூரம்?"

"ஏழு எட்டு கிலோமீட்டர் சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மருந்து முடியுற வரைக்கும் ரெஸ்ட் எடுங்க. அப்புறம் வந்து காட்டிட்டு ஓடுங்க. வுட்டுடாதீங்க."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்விக்குப் பேசினேன். "இன்னாக்கா சொன்னாங்க?" என்றாள். "ஓடச் சொன்னாங்க" என்றேன். அந்தப் பக்கம் "ஸ்தோத்திரம்" என்று மெல்லக் கேட்டது.

அடுத்த வருஷம் வேலூரில் பெண்களுக்கான பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இருவரும் ஓடினோம். செல்வி முன்வரிசையில் வந்தாள். நான் வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழம் கொடுத்த பெண், "கடைசியா வந்துட்டு இப்படி சிரிக்கிறீங்களே" என்றாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? பழத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

இப்போது டிபி மாத்திரை சாப்பிடும் பெண்களைப் போய்ப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதே என்பேன், ஜெபத்தையும் நிறுத்தாதே என்பேன்.

பிரியமானவர்களே, நான் உதவி கேட்டு ஜெபித்தேன். வீட்டுக்கு வந்தவளோ என்னிடம் உதவி கேட்டாள். அதுதான் என் ஜெபத்துக்கு வந்த பதில் என்று எனக்கு அப்போது தெரியாது. உங்கள் வாசலுக்கும் அப்படி யாராவது வந்தால், முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். ஆண்டவரை நம்பி ஒரு அடி எடுத்து வையுங்கள். சனிக்கிழமை விடியற்காலையில் பாலத்துப் பக்கம் நாங்கள் இருப்போம். மெதுவாகத்தான் ஓடுகிறோம். வாருங்கள்.