பிரிட்ஜுக்குத் தைத்த கோட்டு

சித்ராதேவி ஒன்றும் பெரிய ஆசைக்காரி இல்லை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் வேலம்பாளையத்து லைன் வீட்டுக்குள் பிரிட்ஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமையே மாவாட்டி, தேங்காய் அரைத்து, காய் நறுக்கி உள்ளே வைத்துவிட்டால், மற்ற நாள் நாலரை மணிக்கு எழுந்து மிக்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் முன்னால் கொட்டாவி விடாமல் உட்காரலாம்.

ஆனால் கட்டிக்கொண்டது யாரை? கட்டிங் மாஸ்டர் முனீசை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் துணி வெட்டிப் பேர் வாங்கியவன். சோற்றில் உப்புக்கூட அளவு டேப் வைத்துத்தான் போடுவான் என்று லைன் முழுக்கக் கேலி. பிரிட்ஜ் வந்த அன்றே அதன் கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டான். உள்ளே தண்ணீர் பாட்டில் மட்டும்தான், அதுவும் ஆறு.

"மாவு வைக்கவா?" என்று அவள் கேட்டாள்.

"மாவு பொங்கும். பொங்குனா கதவு ரப்பர்ல ஒட்டும். ரப்பர் போனா பிரிட்ஜே போச்சி."

"காயாவது?"

"காய் வாடை அடிக்கும் புள்ள."

அட கடவுளே, தண்ணீரைக் காவல் காக்கவா இத்தனை பெரிய பெட்டி! பிரிட்ஜ் குளுகுளுவென்று நின்றது, அவள் நாலரைக்கே எழுந்தாள்.

பக்கத்தில் பனியன் துணி பின்னும் கம்பெனி இருந்தது. காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். பிரிட்ஜில் தூசி படியுதே என்று முனீசுக்குத் தூக்கம் போயிற்று. வெளிநாட்டுக் குளிருக்கென்று பின்னி, கலர் மாறிப்போனதால் கழித்துப் போட்ட தடித்த துணியைக் கொண்டுவந்தான். பிரிட்ஜை நெட்டுக்கும் குறுக்குக்கும் அளந்தான். வெட்டினான். தைக்கச் சொல்லி மனைவியிடம் நீட்டினான்.

"பின்னாடி எதுக்குங்க துணி? முன்னால மட்டும் மூடுனாப் போதாதா?"

"கட்டிங் மாஸ்டர் நீயா, நானா?"

அப்படியா சங்கதி என்று நினைத்தவள் பின்பக்கத்துக்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். முனீஸ் கோட்டை மாட்டி, பல்லி நுழையக்கூட இடமில்லாமல் பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். கழுத்துப் பட்டையில் எக்ஸ்எக்ஸ்எல் என்று லேபிள் வேறு! லைனில் உள்ளவர்கள் வந்து பார்த்து, வெளியே போய்ச் சிரித்தார்கள்.

பத்து நாள் ஆனது. பிரிட்ஜ் மூச்சு விடாமல் ஓடியது. தண்ணீரோ மண்பானையிடம் தோற்றது. சித்ராதேவி ஒரு நாள் கோட்டின் மேல் கை வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் சூடு. பொறு மகளே பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தொறக்க நீ?" என்று முனீஸ் எகிறினான்.

"சாவி உங்க இடுப்புல தொங்குது. நான் எங்கிட்டுத் தொறக்க?"

அவன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். "அப்பொ நீ கண்ணு வச்சிட்ட."

"சரி, மெக்கானிக் வரட்டும். எம்மேல தப்புன்னா நான் இனி பிரிட்ஜ் பக்கமே வரல. உங்க மேல தப்புன்னா?"

"சாவிய உங்கிட்டக் குடுத்துருதேன். போதுமா?"

போதாது. கட்டிய புருஷனின் வாக்குக்குச் சாட்சி வேண்டும் என்று அனுபவம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் குருசாமி சைக்கிளை நிறுத்தும்போதே, வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா பழனாத்தாளை மோர் குடிக்க வாங்கக்கா என்று கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டாள். பந்தயத்தையும் அந்தம்மா காதில் போட்டாள்.

குருசாமி பிரிட்ஜை முன்னால் இழுத்தார். கோட்டைக் கழற்றினார். பின்பக்கக் கறுப்புக் கம்பி முழுக்கப் பஞ்சு அப்பியிருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், என்ன வேலைங்க இது? உள்ள இருக்கற சூடு இந்தக் கம்பி வழியாத்தானுங்க வெளிய போவோணும். நீங்க அதுக்குக் கம்பளி போத்தி உட்டிருக்கறீங்க! சித்திரை வெயில்ல உங்களுக்கு இதப் போட்டு ஓடச் சொன்னா ஓடுவீங்களா?"

முனீஸ் மனைவியைப் பார்த்தான். "தச்சது இவதான்."

"வெட்டுனது யாருங்க?" என்றார் குருசாமி. "வெட்டுனபடிதானுங்க தைப்பாங்க."

பழனாத்தாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாஸ்டரு, என்னமோ சாவி தர்றேன்னு சொன்னீங்களாமா? எனக்கு ஊட்டுல வேல கெடக்குதுங்க. குடுத்தீங்கன்னா பாத்துட்டுப் போயிருவேன்."

முனீஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று வேட்டியைத் தளர்த்தி, முடிச்சை அவிழ்க்கப் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் அவன் கத்தரியாலேயே கயிற்றை வெட்ட வேண்டியதாயிற்று. சித்ராதேவி சாவியை வாங்கித் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டினாள். குருசாமி பிரஷால் பஞ்சைத் தட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி பிரிட்ஜை வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் பாட்டில் வியர்த்தது. மாவு, தேங்காய், கத்தரிக்காய் எல்லாம் வரிசையாக உள்ளே போயின. முனீஸ் ரப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

திங்கட்கிழமை நாலரைக்கு மிக்சி கத்தவில்லை. அந்த அமைதியிலேயே முனீசுக்கு முழிப்பு வந்துவிட்டது. தொண்டை வறண்டிருந்தது. பிரிட்ஜ் வரை போனான். கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"புள்ள... ஏ புள்ள... ஒரு வாய்த் தண்ணி."

சித்ராதேவி ஒரு கண்ணைப் பாதி திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். எழ இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. சாவியைக் கையால் பொத்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.